உருமா கட்டிய கை

போன வாரம் மாமனார் வீட்டு வாசலைத் தாண்ட விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட அய்யப்பன், இன்றைக்கு அதே வாசலுக்குப் போயாக வேண்டும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் போக வேண்டிய நாள் இது. மாமனார் ஆண்டியப்பனுக்குக் கருமாதி.

விடிந்ததும் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டுக் கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே தாம்பாளம். அதில் புது வேட்டி, துண்டு, தேங்காய், பழம், வெற்றிலை. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாத உருமாத் துணி.

தகப்பனைப் பறிகொடுத்த மகனின் தலையில் கருமாதியன்று புதுத்துணியை உருமாவாகக் கட்டி, அழுதது போதும், எழுந்து குடும்பத்தைப் பார் என்று தூக்கிவிடுவது மாமன் மச்சான் முறைக்காரர்களின் கடமை. ஆண்டியப்பன் வகையறாவில் கல்யாணமாகாத பிள்ளைக்கு அக்கா புருஷன்தான் கட்ட வேண்டும். ஆண்டியப்பனின் ஒரே மகன் பாலாஜிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு இருப்பது காவ்யா என்கிற ஒரே அக்கா. அந்தக் காவ்யாவின் புருஷன்தான் அய்யப்பன்.

மாமனாரைக் கொன்ற மாப்பிள்ளை என்று ஊரே பேசுகிற அய்யப்பன்.

அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. உடன் வர வேண்டிய சித்தப்பா, போனிலேயே கழன்றுகொண்டார். அசிங்கப்பட்டுக் கைநனைக்க நாங்க வரலைப்பா, நீ வேணா போய்ப் பாரு என்று சொல்லிவிட்டார். தாம்பாளத்தை எடுத்துக் கையில் தர வேண்டிய காவ்யாவோ, அப்பா விழுந்த அன்றிலிருந்து பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். போன் போட்டால் எடுப்பதில்லை. கருமாதி முடியட்டும், அப்புறம் யோசிக்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெண் மூலமாகச் சொல்லியனுப்பியதோடு சரி.

யோசிக்கிறேன் என்ற சொல்தான் அய்யப்பனைத் தூங்கவிடவில்லை. புருஷன் வீட்டுக்குத் திரும்புவதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நடந்தது இவ்வளவுதான். ஆண்டியப்பன் வீட்டுத் தெருவில் ஒரு காதணி விழா. தாய்மாமன் சீர் ஊர்வலத்துக்கு அய்யப்பனின் டிஜே வண்டி. மினி லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டி, கலர் லைட், புகை மிஷின். மாமனாருக்குத் தஞ்சாவூரில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டும்போதே அய்யப்பன் பேஸ் அதிர்வை முழுக்க இறக்கிவிட்டான். வெறும் பாட்டு மட்டும் ரேடியோ மாதிரிக் கேட்டது.

மாமனார் வீட்டு வாசலை மருமகன் வண்டி மேல் நின்றபடி கடந்து போவது மரியாதை இல்லை. இறங்கி, ஓர் எட்டுப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். ஆடிக்கொண்டிருந்த பாலாஜியை மேலே கூப்பிட்டு, "எதையும் தொடாம பாத்துக்க மாப்ள, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி இறங்கினான்.

சென்னையில் ஒரு ஹோட்டல் கிளப்பில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் அய்யப்பன். அங்கே பாட்டு ஓடும்போது கன்ட்ரோலரை விட்டு நகர்ந்தால் அன்றோடு வேலை போச்சு. கிளப்பில் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பியாவது இருக்கும். ஊரில் அது கிடையாது. ஊரில் எல்லாருமே டிஜேவுக்கு மாமன், மச்சான்.

அவன் வாசலை எட்டுவதற்குள் விழாக்காரர்கள் பிடித்துக்கொண்டு துண்டு போர்த்தினார்கள். அந்த நேரம் பார்த்துப் பாலாஜியின் கூட்டாளிகள், ஒங்க வீட்டு வாசல்லயே சத்தம் செத்துக் கெடக்கேடா என்று கீழே நின்று கேலி பண்ண, பாலாஜி சத்தப் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒரே தள்ளாக மேலே தள்ளிவிட்டான். நிலம் அதிர்ந்தது. அய்யப்பன் திரும்பி ஓடி, ஏறி, சத்தத்தை அறுத்தான். புகை கலைந்தபோது பாலாஜி குதித்துக் கூட்டத்தில் இருந்தான். ஊர் பார்த்தது, கன்ட்ரோலர் மேல் கை வைத்து நின்ற அய்யப்பனை மட்டும்தான். அந்த நிசப்தத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து, அப்பாவைப் பார்க்க வந்திருந்த காவ்யாவின் அலறல் கேட்டது.

எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கக்கூடிய இதயம்தான் என்று டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. சுடுகாட்டில் பாலாஜி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரிஞ்சா அதுவும் செத்துரும் மச்சான் என்று நடுங்கினான். அய்யப்பன் தலையாட்டினான். அப்போது தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

வாசலில் நிழலாடியது. வண்டி ஓட்டும் சார்லஸ், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நின்றார். இந்த விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் அவர்தான். வண்டி மேலிருந்து பாலாஜி குதித்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்தவர்.

"எந்திரி. தாம்பாளத்தை நான் பிடிச்சுக்கிறேன். ஒனக்கு அண்ணன் முறைன்னு சொல்லிக்குவோம்."

"வேதக்காரர் எப்ப எனக்கு அண்ணனாப் பொறந்தீங்கன்னு கேப்பாங்க."

"கேட்டா, ஒங்கப்பாவைக் கேக்கச் சொல்லு" என்றார் சார்லஸ். அய்யப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் எழுந்துகொண்டான்.

பைக்கில் போகும்போது சார்லஸ் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். அறந்தாங்கியிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி கேட்டதாம். இவர் இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஷெட்டில் பெட்டிகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன, எலி ஒயரைக் கடிக்கிறது என்றார். அய்யப்பன் அன்றைக்குப் பிறகு ஹெட்போனை ஒரே ஒரு முறை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். எதுவும் ஓடவில்லை. இருந்தாலும் அந்த ஒற்றை அதிர்வு அதற்குள் இருந்தது. கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

முந்திரித் தோப்புகளுக்குள் சாலை நுழைந்ததும் சார்லஸ் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்காவது சொல்லிரு அய்யப்பா."

"எதை?"

"எதையா? ஒம் பொண்டாட்டி ஒன்னை விட்டுப் போயிட்டா. தொழிலு போச்சு. அந்தப் பய மொட்டை அடிச்சுக்கிட்டு ஊரு அனுதாபத்துல உக்காந்திருக்கான். யாருக்காக நீ வாயை மூடிக்கிட்டிருக்க?"

"நான்தானேண்ணே இறங்குனேன். நான் இறங்காம இருந்திருந்தா அவன் ஏறியிருக்க மாட்டான்."

"அப்ப அதையும் சேத்துச் சொல்லு."

அய்யப்பன் வேகத்தைக் கூட்டினான். காற்றில் சார்லஸின் மீதிப் பேச்சு பின்னால் போய்விட்டது.

மாமனார் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். குளக்கரையில் காரியம் முடித்துப் பாலாஜியையும் பங்காளிகளையும் அப்போதுதான் அழைத்து வந்திருந்தார்கள். அய்யப்பன் பைக்கை நிறுத்தியதும் பேச்சு நின்றது. நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. சார்லஸ் தாம்பாளத்தோடு நின்றார்.

இந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த நாளில் அவனுக்கு நடந்த உபசாரம் வேறு. ஆண்டியப்பன் எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். டிஜே என்றால் என்ன என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேட்பவர்களிடமெல்லாம், மாப்ளை கரண்டு சம்பந்தமா ஏதோ பெருசாப் பண்றாரு என்றுதான் சொல்லி வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் இவன் வண்டிக்கு முன்னால் ஆயிரம் பேர் ஆடுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, அத்தனை பேரையும் ஒரு வெரல்ல ஆட்டுறாருடி ஒம் புருசன் என்று மகளிடம் போய்ச் சொன்னாராம். காவ்யா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கொல்லைப்புறக் குழாயடியில் முகம் கழுவப் போனவன், நிமிர்ந்தபோது காவ்யா நின்றாள். கையில் கழுவ எடுத்துவந்த அண்டா. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒரு சுற்று இளைத்திருந்தாள். அவள் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க."

"கேளு."

"அன்னிக்கு டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட வர்றப்பவே நீங்க கொறைச்சிட்டீங்க. அப்பாவுக்கு அது தெரிஞ்சுச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டே, பாத்தியா, நம்ம வீடு வந்ததும் மாப்ளை கொறைச்சிட்டாருன்னு சொல்லிச்சு. வெரல்ல தாளங்கூடப் போட்டுச்சு."

அய்யப்பன் குழாயைப் பிடித்துக்கொண்டான். இது அவனுக்குத் தெரியாது. மாமனார் தாளம் போட்டது அவனுக்குத் தெரியாது.

"அப்பறம் ஏறிச்சு பாருங்க. நீங்க ஏத்துறதை நான் தெனம் கேட்டவ. கொஞ்சங் கொஞ்சமா, ஆளைக் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போற மாதிரி ஏத்துவீங்க. அது அப்படி இல்ல. மேலேர்ந்து எதையோ தூக்கிப் போட்ட மாதிரி விழுந்துச்சு. அலமாரில டம்ளரெல்லாம் உருண்டுச்சு." அவள் ஓர் அடி கிட்டே வந்தாள். "அது உங்க கை இல்ல. யாருங்க மேல நின்னா?"

பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் இவள் இன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு தன்னோடு வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கூடவே, அடுத்த நிமிஷம் இந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உருமா கட்டிக்கொள்ளப் போகிறவன் பாலாஜி. ஊர்முன்னால், தகப்பன் இடத்தில் உட்காரப் போகிறவன்.

"நான்தான்" என்றான்.

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"நான்தான் காவ்யா. கை தவறிடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அண்டாவை எடுத்துக் குழாயடியில் வைத்துக் குழாயைத் திருகிவிட்டாள். தண்ணீர் அதில் சத்தமாகக் கொட்டியது. அவன் நகர்ந்து வந்தான்.

சாமியானாவுக்குக் கீழே மனை போட்டார்கள். பாலாஜி வந்து உட்கார்ந்தான். மழித்த தலை, சந்தனம், வெறும் உடம்பு. காலேஜ் முடித்து இரண்டு வருஷம் ஆகியும் பையன் மாதிரியே இருந்தவனுக்கு, இந்தக் கொஞ்ச நாளில் முகத்தில் வயசு ஏறிவிட்டது. அய்யப்பன் பக்கம் அவன் பார்வையே வரவில்லை.

தாய்மாமன் ஆத்மநாதன்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். பெண் எடுத்த வீட்டார் வந்தாச்சா என்று முறைக்குக் கேட்டார். வந்தாச்சு என்று சார்லஸ் தாம்பாளத்தை முன்னால் வைத்தார். நீங்க யாரு என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் வேண்டாம் விடு என்று அவர் தொடையைத் தட்டினார்.

அய்யப்பன் உருமாத் துணியை எடுத்துப் பிரித்தான்.

"நிப்பாட்டுங்க."

மாமியார் மீனம்மாள் நிலைப்படியில் நின்றாள். பெண்கள் அவளை இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். கத்தவில்லை. கத்துகிற தெம்பெல்லாம் என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது.

"அந்தக் கையி எம்புள்ளை தலையில படக்கூடாது."

ஆத்மநாதன் தங்கையைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். முறை என்று ஒன்று இருக்கிறது, உருமா கட்டாமல் பிள்ளையை எழுப்ப முடியாது என்றார். முறையைப் பார்த்தா அந்தப் பெட்டியை எங்க வாசல்ல நிப்பாட்டுனாரு என்று அவள் திருப்பிக் கேட்டாள். பெரியவர்கள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். கடைசியில் ஆத்மநாதனே கட்டிவிடுவது, அய்யப்பன் துணியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது என்று முடிவானது.

அய்யப்பன் உருமாவை இரண்டு கையாலும் ஏந்தி ஆத்மநாதனிடம் நீட்டினான். மனசுக்குள் ஒரு மூலையில், அப்பாடா என்றுகூட இருந்தது.

ஆத்மநாதன் அதை வாங்கிப் பாலாஜியின் தலைக்குக் கொண்டுபோனார். பாலாஜி தலையை விலக்கிக்கொண்டான்.

"மச்சானே கட்டட்டும் மாமா."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

"என்னப்பா சொல்ற?"

"மச்சான்தான் கட்டணும். வேற யாரு கட்டுனாலும் நான் எந்திரிக்க மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பின்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டியப்பன் மனசு அப்படியே இருக்குடா இந்தப் பயலுக்கு என்றார். அப்பனைக் கொன்னவன் கையாலயே உருமா வாங்குறானே, இந்த வயசுல யாருக்கு வரும் இந்தப் பெருந்தன்மை என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், அது பற்றிக்கொண்டது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. ஆத்மநாதன் பாலாஜியின் முதுகைத் தட்டி, மன்னிக்கிறவன்தான்டா மனுஷன், ஒங்கப்பன் மேலேர்ந்து பாக்குறாரு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நிலைப்படியில் மீனம்மாள் அப்படியே சரிந்து உட்கார்ந்து, எம்புள்ளை சாமிடி, எம்புள்ளை சாமி என்று அரற்றினாள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பாலாஜியின் தோள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கியதை அய்யப்பன் பார்த்தான்.

ஆத்மநாதன் திருப்பிக் கொடுத்த உருமாவோடு அவன் குனிந்தான். ஆயிரம் பேருக்கு நடுவே பொத்தான்களின் மேல் பிசகாமல் ஓடுகிற விரல்கள், இப்போது ஒரு துணியைச் சுற்றத் தெரியாமல் தடுமாறின. மழித்த தலை காய்ச்சல்காரனுடையதுபோல் கொதித்தது. முதல் சுற்று வந்தபோது பாலாஜியின் உதடுகள் அசைந்தன. பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்காத குரல்.

"மச்சான், என்னால முடியலை."

"குனி" என்றான் அய்யப்பன்.

பாலாஜி குனிந்தான். அய்யப்பன் கடைசி நுனியைச் செருகிக் கட்டி முடித்தான். பாலாஜி குலுங்கிக் குலுங்கி அழுதான். அழட்டும், அப்பனுக்கு அழுதுதான் தீக்கணும் என்றார்கள். நிமிர்ந்தபோது, பெண்கள் கூட்டத்துக்கு நடுவே காவ்யா தெரிந்தாள். எல்லாரும் அழுதுகொண்டிருந்த இடத்தில் அவள் மட்டும் அழவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

பந்தி போட்டார்கள். அய்யப்பனுக்குக் கடைசி வரிசையில் ஓர் இலை விழுந்தது. எழுந்து போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் சார்லஸ் குனிந்த தலை நிமிராமல், நல்லாக் கட்டுன போ என்று மட்டும் சொன்னார். அது பாராட்டு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கை கழுவிவிட்டுப் பைக்கை எடுக்கும்போதுதான் காவ்யா வெளியே வந்தாள். தோளில் அவள் துணிப்பை. நேராக வந்து பைக் பக்கத்தில் நின்றாள். சார்லஸ் ஒரு விநாடி பார்த்தார். நான் பஸ்ல வந்துக்கிறேன் என்று காலித் தாம்பாளத்தோடு நடையைக் கட்டினார்.

அய்யப்பனுக்குள் நம்ப முடியாத சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்கு ஆயுசு ரொம்பக் குறைவு.

"எங்கடி கெளம்பிட்ட?" மீனம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அவரோட போறேம்மா."

"ஒங்கப்பா சட்டை இன்னும் கொடியில தொங்குது. அதுக்குள்ள ஒனக்குப் புருசன் கேக்குதா?"

காவ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கண் அம்மாவைத் தாண்டி, பந்தியில் உருமாவோடு உட்கார்ந்திருந்த தம்பியிடம் போனது. பாலாஜி பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றான். ஆத்மநாதன் தோளை அமுக்கி உட்கார வைத்தார். காவ்யா எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"பெத்த அப்பனைக் கொன்னவரை எந் தம்பியே மன்னிச்சுட்டான், நான் போறதுக்கென்னன்னு பாக்குறியா? அவன் ஆம்பளப்புள்ளை, பெரிய மனசு. ஒனக்கு என்னடி வந்துச்சு?" என்றாள் மீனம்மாள்.

"நான் வாரேம்மா."

"வாரேன்னு சொல்லாத." மீனம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். "போறேன்னு சொல்லிட்டுப் போ."

மண் காவ்யாவின் சேலையிலும் பைக்கின் டேங்கிலும் விழுந்தது. யாரோ மீனம்மாளைப் பிடித்து இழுத்தார்கள். அய்யப்பன் இறங்கப் போனான். காவ்யா அவன் தோளில் கை வைத்து அழுத்தி, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டியை."

தெருமுனை தாண்டி, குளம் தாண்டி, முந்திரித் தோப்பு வந்தது. தோளில் அவள் கை இல்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செம்மண் சாலையில் வெயிலில் கண் கூசியது.

"காவ்யா" என்றான் அய்யப்பன். "நீ வந்தது…"

"ஒங்ககூட வாழ வந்தேன்னு நெனைச்சுக்காதீங்க."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"உருமா கட்டுறப்ப தம்பி முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுருச்சு. அங்க இருந்தா நான் சொல்லிருவேன். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு, சோறு போடுறப்பவோ, வெளக்கு வைக்கிறப்பவோ, என் வாய்ல வந்துரும். அம்மாவுக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அதான் வந்தேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "குழாயடியில அவ்வளவு கேட்டேன். நான்தான்னு சொன்னீங்க பாருங்க, என் முகத்தைப் பாத்துக்கிட்டு. அவனைக் காப்பாத்தினீங்க, சரி. என்னையும் ஊர்ல ஒருத்தியாத்தானே வச்சீங்க."

எல்லாருக்கும் சேர்த்துத் தான் ஒருவன் சுமந்துவிட்டதாக அய்யப்பன் நினைத்திருந்தான். அந்தப் பாரத்தில் பாதி, கேட்காமலே இவள் தலையில் ஏறியிருந்தது இப்போதுதான் தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தலாமா என்று பார்த்தான். நிறுத்தி என்ன சொல்வது?

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவன் கையை எடுக்க முடியாததால் காவ்யா பின்னாலிருந்து எட்டி எடுத்தாள். பாலாஜி என்று காட்டியது. அவள் பேசாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது.

"எடு" என்றான் அய்யப்பன், வண்டியை நிறுத்தி.

எடுத்தாள். எதிர்முனையில் தம்பி இல்லை.

"காவ்யா?" மீனம்மாளின் குரல். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மண்ணை வாரி இறைத்தவளின் குரல் மாதிரியே இல்லை. "தம்பி ஒங்க பின்னாடி வந்தானா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"உருமாவைக் கழட்டிக் கட்டில்ல வச்சுட்டு, போனையும் அது மேலயே வச்சுட்டு எங்கிட்டோ போயிட்டான்டி. கொல்லைக் கதவு தெறந்து கெடக்கு. மாமா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுத் தோப்புக்குள்ள தேடுறாரு. குளத்துப் பக்கமும் ஆள் போயிருக்கு." மூச்சு வாங்கியது. "உருமா கட்டுறப்ப மாப்ளைகிட்ட என்னமோ சொன்னானாம்ல. பக்கத்துல இருந்தவுக சொல்றாக, வாய் அசைஞ்சுச்சுன்னு. மாப்ளையைக் கேளு. எம்புள்ளை என்ன சொன்னான்?"

காவ்யா போனைக் காதிலிருந்து எடுக்காமலே அய்யப்பனைப் பார்த்தாள். வண்டியில் இருந்தபடியே அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். குழாயடியில் சொன்ன மாதிரி இப்போதும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம். அப்பாவை நினைத்து அழுதான் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள்.

"முடியலைன்னு சொன்னான்" என்றான். "நான் குனின்னு சொல்லிட்டேன்."

போனில் மீனம்மாள், என்னடி, என்ன சொல்றாரு, எது முடியலையாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வண்டியைத் திருப்புங்க" என்றாள் காவ்யா.

அய்யப்பன் ஏற்கெனவே திருப்பிக்கொண்டிருந்தான்.